அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்த பிறகு

கணினித் துறையில் வேலை பார்த்தவருக்குப் பணி ஓய்வு ஒரே மாலையில் வந்து முடிந்துவிடுகிறது. மடிக்கணினியை ஒப்படைத்து, அடையாள அட்டையைக் கொடுத்து, நாலு இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வாசலுக்கு வருவதற்குள் மின்னஞ்சல் கணக்கு மூடப்பட்டிருக்கும். வருடக்கணக்காகக் கட்டிக் காத்த நிரலில் இனிக் கை வைக்க முடியாது. எட்டிப் பார்க்கவும் அனுமதி இல்லை. சர்வர், உரிமம், தரவு எல்லாம் நிறுவனத்தின் சொத்து. தலைக்குள் இருப்பது மட்டும்தான் கூட வரும்.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று மெதுவாகத்தான் தெரியவரும். இத்தனை காலமும் தீர்க்க வேண்டிய சிக்கலை வேறு யாராவது கொண்டுவந்து மேசையில் போட்டார்கள். வாடிக்கையாளர் போட்டார், மேலாளர் போட்டார், நள்ளிரவில் பாதியில் நின்றுபோன பேட்ச் ஜாப் போட்டது. திட்டிக்கொண்டேதான் எழுந்து போனோம். ஆனாலும் மூளைக்கு அன்றாடத் தீனி அதுதான். ஓய்வுக்குப் பிறகு, சிக்கலைத் தேடிப் பிடிப்பதும் நம் பொறுப்பாகிவிடுகிறது. அந்தப் பழக்கம் நம்மில் பலருக்கு இல்லை. ‘புதிதாக ஏதாவது கற்றுக்கொள்ளுங்களேன்’ என்று அறிவுரை சொல்பவர்கள் இதை யோசிப்பதில்லை. எதைக் கற்பது, யாருக்காகக் கற்பது என்பது தெளிவாகாவிட்டால் எந்த ஆர்வமும் சில வாரங்களில் வற்றிவிடும்.

என் கணிப்பில், கணினிக்காரர்களுக்கு நிலைத்து நிற்கும் வேலைகளில் இரண்டு குணங்கள் சேர்ந்திருக்கின்றன. அந்த வேலையில் பாதி ஏற்கெனவே கைக்குத் தெரிந்ததாகவும் மீதி புதிதாகவும் இருக்கிறது. முடிவை எதிர்பார்த்து வெளியே யாரோ ஒருவர் காத்திருக்கிறார். இரண்டில் ஒன்று குறைந்தாலும் அது பொழுதுபோக்காகச் சுருங்கிவிடும்.

முதலில், நடைமுறைக் காரியங்கள் சில. ஓய்வுக்கு ஆறு மாதம் முன்பே வருங்கால வைப்பு நிதி, வங்கி, வருமான வரி, காப்பீடு ஆகிய கணக்குகள் எல்லாவற்றையும் சொந்த மின்னஞ்சலுக்கும் சொந்தக் கைபேசி எண்ணுக்கும் மாற்றிவிடுங்கள். அலுவலக முகவரியில் கிடக்கும் ஒரு கணக்கை மீட்க அலைவதைப் போல முதல் மாதத்தைக் கெடுக்கும் விஷயம் வேறில்லை. அலுவலகக் கணினியில் சிக்கியிருக்கும் குடும்பப் படங்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் நிரலை எடுக்காதீர்கள். பிறகு சில மாதம் சும்மா இருங்கள். இரவுப் பணியும் அழைப்புப் பணியும் கலைத்துப்போட்ட தூக்கம் திரும்பி வர நாள் பிடிக்கும். முதல் வாரமே மூன்று இணைய வகுப்பில் சேர்வது பழைய வேலையின் பதற்றம் இன்னும் போகவில்லை என்பதற்கு அடையாளம்.

பழைய சரக்கு என்று நினைப்பது

‘நான் கற்றதெல்லாம் காலாவதியாகிவிட்டது’ என்பது இந்தத் துறையில் ஓய்வு பெற்றவர்களின் வழக்கமான புலம்பல். கோபோல் எழுதியவர், மெயின்ஃபிரேம் பார்த்தவர், பாக்ஸ்புரோவில் கணக்குப் போட்டவர் எல்லோரும் சொல்வார்கள். இந்தக் கணக்கில் ஒரு பிசகு இருக்கிறது. ஒரு தொழில்நுட்பம் சந்தையை விட்டுப் போகும் வேகமும் உலகத்தை விட்டுப் போகும் வேகமும் ஒன்றில்லை. 2020 ஏப்ரலில் கொரோனா காரணமாக லட்சக்கணக்கானோர் வேலையிழந்தபோது, அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் வேலையில்லாதோருக்கான உதவித்தொகைக் கணினி முறை திணறியது. அது பல பத்தாண்டுகளுக்கு முந்தைய மெயின்ஃபிரேம். கோபோல் தெரிந்த தன்னார்வலர்கள் உதவிக்கு வரவேண்டும் என்று மாநில ஆளுநர் பில் மர்ஃபி பத்திரிகையாளர் கூட்டத்தில் வெளிப்படையாகவே கேட்டார்.

இன்னும் அழகான எடுத்துக்காட்டு கலிபோர்னியாவின் மவுண்டன் வியூவில் உள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஐபிஎம் 1401 என்ற இயந்திரம் 1959 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. பத்தாயிரத்துக்கும் மேல் தயாரிக்கப்பட்ட அந்தக் கணினிதான் உலகெங்கும் பல நிறுவனங்கள் கண்ட முதல் கணினி. இந்தியாவுக்கும் 1960களில் பல 1401கள் வந்து இறங்கின; 1968இல் தொடங்கிய டிசிஎஸ் நிறுவனத்தின் ஆரம்பகால வேலைகள் இதில்தான் நடந்தன. ஐபிஎம் 1978இல் இந்தியாவை விட்டு வெளியேறும் காலம் வரையிலும் அட்டையில் துளையிட்டு நிரல் எழுதிய ஒரு தலைமுறைக்கு இதுவே பள்ளிக்கூடம்.

அருங்காட்சியகத்துக்கு ஜெர்மனியிலிருந்து ஒரு 1401 வந்து சேர்ந்தது. பல வருடம் கிடப்பில் கிடந்து ஈரம் ஏறித் துருப்பிடித்த இயந்திரம். ஐரோப்பிய 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு என்று செய்யப்பட்டதால் அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸில் நேராக ஓடாது. அதற்கென்று தனி மாற்றி வைக்க வேண்டியிருந்தது. இரண்டாவது இயந்திரம் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு வீட்டின் நிலவறையில் இருந்து வந்தது. இவற்றை உயிர்ப்பிக்க வந்தவர்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்ற ஐபிஎம் பொறியாளர்கள். இருபது வயதுகளில் திருப்புளியோடு இந்த இயந்திரத்தின் முன் நின்றவர்கள், எழுபதுகளில் மறுபடி ஆசிலாஸ்கோப்போடு வந்து உட்கார்ந்தார்கள். ஆயிரக்கணக்கான சிறு சுற்றட்டைகள். அவற்றில் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள். எந்த அட்டையில் எந்த டிரான்சிஸ்டர் செத்தது என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். நிமிடத்துக்கு 600 வரி அடிக்கும் 1403 அச்சுப்பொறி மறுபடியும் சத்தம் போடத் தொடங்க வருடங்கள் ஆயின.

இதைப் பழைய நினைவில் மூழ்குவது என்று ஒதுக்கிவிட முடியாது. அந்தப் பொறியாளர்களுக்கு 1401 தெரியும். பல வருடம் துருப்பிடித்துக் கிடந்த 1401 தெரியாது. உலோகம் எப்படி அரிக்கும், மின்தேக்கி எப்படிக் கெடும், தயாரிப்பு நின்றுபோன உதிரிபாகத்துக்கு எதை மாற்றாக வைக்கலாம் என்பதெல்லாம் அவர்களுக்குப் புதுப் பாடம். வாரத்தில் குறிப்பிட்ட நாளில் கூடினார்கள் என்பதும் சின்ன விஷயமில்லை. ஒருவர் வராவிட்டால் ‘ஏன் வரவில்லை’ என்று கேட்க நாலு பேர் இருந்தார்கள்.

இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க்கில் இதற்கு அண்ணன் முறையாகும் ஒரு வேலை நடந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய ரகசியச் செய்திகளை உடைக்கக் கட்டப்பட்ட கொலோசஸ் இயந்திரங்களில் பெரும்பாலானவை போருக்குப் பின் உடைக்கப்பட்டன, வரைபடங்களும் எரிக்கப்பட்டன. டோனி சேல் என்ற பொறியாளர் தமது அறுபதுகளில், 1990களின் தொடக்கத்தில், அதை மறுபடி கட்டக் கிளம்பினார். கையில் இருந்தவை சில புகைப்படங்களும், அந்தக் காலப் பொறியாளர்கள் விதியை மீறிப் பத்திரப்படுத்திய சில சுற்றுப்படத் துண்டுகளும்தான். 2007இல் முழு இயந்திரமும் ஓடியது.

நம் ஊரில் இப்படி ஒரு கூடம் கட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. பணமில்லாமல் செய்யக்கூடிய பங்கு ஒன்று இருக்கிறது: எழுதி வைப்பது. 1984இல் ரங்கராஜன் குழு அறிக்கை வந்த பிறகு வங்கிக் கிளைகளில் பேரேடு பதியும் இயந்திரங்கள் நுழைந்தன. ரயில் முன்பதிவு 1980களில் கணினிக்கு மாறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, பேசின, ஒப்பந்தம் போட்டன. குளிரூட்டிய அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போன காலம் அது. அந்த மாற்றத்தை உள்ளே இருந்து செய்தவர்கள் இப்போது எழுபதுகளில் இருக்கிறார்கள். அவர்களில் தமிழில் எழுதியவர்கள் மிகக் குறைவு. ஒரு கிளையில் கடைசிப் பேரேட்டை மூடிய நாள், முதல் மாத வட்டிக் கணக்கு எங்கே தப்பாக வந்தது, எழுத்தர் ஒருவர் கையால் கூட்டி அதை எப்படிப் பிடித்தார்? இவையெல்லாம் எந்த அறிக்கையிலும் இருக்காது. எழுத வராதவர்கள் கைபேசியில் பேசிப் பதிவு செய்யலாம். இரண்டு பழைய சகாக்கள் எதிரெதிரே உட்கார்ந்து பேசினால் இன்னும் நல்லது, ஒருவர் மறந்ததை மற்றவர் எடுத்துக்கொடுப்பார்.

மூளைக்கு எது வேலை?

குறுக்கெழுத்தும் சுடோகுவும் நல்ல பொழுதுபோக்கு. அவற்றைச் செய்தால் ஞாபகமறதி அண்டாது என்று நம்பிச் செய்வதில்தான் சிக்கல். மூளைப் பயிற்சி விளையாட்டுகளை விற்ற லுமோசிட்டி நிறுவனம், முதுமை மறதியைத் தள்ளிப்போடும் என்பது போன்ற விளம்பரங்களுக்குப் போதிய ஆதாரம் காட்டவில்லை என்ற குற்றச்சாட்டில், 2016இல் அமெரிக்க வணிக ஆணையத்துடன் 20 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது.

இதற்கு மறுபக்கமாக ஒரு ஆய்வைச் சொல்லலாம். டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் டல்லஸ் வளாகத்தைச் சேர்ந்த டெனிஸ் பார்க் குழுவினர் 2014இல் வெளியிட்டது. அறுபது முதல் தொண்ணூறு வயது வரையிலானவர்களைப் பல குழுக்களாகப் பிரித்து மூன்று மாதம் கவனித்தார்கள். சிலர் டிஜிட்டல் புகைப்படக் கலையைக் கற்றார்கள், சிலர் துணிகளை ஒட்டுப்போட்டுத் தைக்கும் கலையை, சிலர் இரண்டையும். வாரத்துக்குப் பதினைந்து மணி நேரத்துக்கும் மேல். வேறொரு குழு கூடிப் பேசியது, சுற்றுலா போனது, புதிதாக எதையும் கற்கவில்லை. கடைசியில் ஞாபகச் சோதனையில் முன்னேற்றம் தெரிந்தது கடினமான புதுத் திறனைக் கற்றவர்களிடம்தான், அதிலும் புகைப்படம் கற்றவர்களிடம். மூன்று மாத ஆய்வு அது. அதை வைத்து ஆயுளுக்கும் உறுதி சொல்லிவிட முடியாது. ஆனாலும் அளவைக் கவனியுங்கள்: வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம். காலைக் காப்பியோடு பத்து நிமிடம் புதிர் போடுவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஒரு பகுதி நேர வேலைக்கு உரிய உழைப்பு.

எண்பதில் ஒரு திருத்தம்

அப்படி உழைப்பவர்களில் எனக்குப் பிடித்தவர் பிரையன் கெர்னிகன். சி மொழிப் புத்தகத்தின் இணையாசிரியர் என்பதால் இந்தப் பெயர் நம் கல்லூரி மாணவர்களுக்கும் தெரியும். பெல் ஆய்வகத்திலிருந்து 2000இல் வெளியேறி, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கப் போனவர். 1977இல் இரண்டு சகாக்களோடு சேர்ந்து ‘ஆக்’ என்ற சிறு மொழியை உருவாக்கினார். வரி வரியாக உரையைப் படித்து, வேண்டியதைப் பிரித்தெடுக்கும் கருவி அது. யூனிக்ஸ் பார்த்தவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது தொட்டிருப்பார்கள். 2022இல், தமது 80ஆவது வயதில், அந்த மொழியின் மூல நிரலைத் தாமே திறந்து யூனிகோடு எழுத்துகளைக் கையாளும் வசதியைச் சேர்த்தார். அதை அனுப்பும்போது, கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள் தமக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை, ஆகவே தாமதமாகலாம் என்று எழுதினார். யூனிக்ஸ் உலகின் பிதாமகர்களில் ஒருவர், கல்லூரிப் பையன்கள் புழங்கும் கருவியைப் பற்றி இப்படிச் சொன்னது எனக்கு மிகவும் ஆறுதல். அடுத்த வருடமே ஆக் நூலின் இரண்டாம் பதிப்பும் வந்தது.

அந்தத் திருத்தம் நம் எழுத்தையும் தொடுகிறது. ‘தமிழ்’ என்று எழுதி அதன் நீளம் என்ன என்று பழைய ஆக்கிடம் கேட்டால் 15 என்று சொல்லும். அது எண்ணுவது பைட்டுகளை. தமிழின் ஒவ்வொரு யூனிகோடு குறியும் சேமிக்கப்படும்போது மூன்று பைட்டு பிடிக்கிறது. கெர்னிகன் திருத்திய ஆக்கிடம் கேட்டால் 5 என்று சொல்லும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி ஆக ஐந்து. முதல் வகுப்புக் குழந்தையிடம் கேட்டால் 3. குழந்தை சொல்வதுதான் நமக்கு வேண்டிய விடை. ஐந்தை மூன்றாக்கும் நிரலைச் சில வரிகளில் எழுதிவிடலாம். நடுவில் க்ஷ, ஸ்ரீ வந்தால் மறுபடி சிக்கும். பின்னிருந்து முன்னாகத் திருப்பச் சொன்னால், வரி முடிவில் சொல்லை உடைக்கச் சொன்னால், எதுகை தேடச் சொன்னால், ஒவ்வொன்றிலும் புதுச் சிக்கல் முளைக்கும். நாற்பது வருடம் ஆங்கில எழுத்துக்கு நிரல் எழுதிவிட்டு ஓய்வு பெற்ற ஒரு தமிழருக்கு இதைவிடப் பொருத்தமான, பாதி தெரிந்த, பாதி தெரியாத களம் எது என்று எனக்குத் தெரியவில்லை.

காத்திருக்கும் பக்கங்கள்

இந்தக் களத்தில் உடனே இறங்கக்கூடிய இடம் தமிழ் விக்கிமூலம். காப்புரிமை நீங்கிய நூல்களும் தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களும் அங்கே ஸ்கேன் செய்த படங்களாக ஏற்றப்பட்டிருக்கின்றன. எழுத்துணரி மென்பொருள் அந்தப் படத்தைப் படித்து எழுத்தாக மாற்றித் தருகிறது. தப்பும் தவறுமாகத் தருகிறது. திரையின் ஒரு பக்கம் நூலின் படம், மறுபக்கம் எழுத்து. ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். திருத்தப்படாத பக்கம் சிவப்பு, ஒருவர் திருத்தியது மஞ்சள், வேறொருவர் சரிபார்த்தது பச்சை. ஒரே ஆள் இரண்டையும் செய்ய முடியாது. நிரலைச் சகா ஒருவர் சரிபார்த்த பிறகே ஏற்றும் வழக்கத்தில் ஊறியவர்களுக்கு இது பார்த்தவுடன் புரிந்துவிடும்.

வெறும் பிழை திருத்தம் அலுக்காதா என்று கேட்கலாம். அலுக்கும். கணினிக்காரருக்குச் சுவை கூடுவது அடுத்த படியில். பிழைகளுக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. எழுத்துணரிக்கு ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் வேறுபாடு தெரியாமல் போகும். ஔகாரக் குறியை ஒற்றைக் கொம்பும் ளகரமுமாகப் பிரித்துவிடும். 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் அச்சான நூல்களில் ணை, லை, னை ஆகியவற்றுக்கு யானைத் துதிக்கை போல் வளைந்த வடிவம் இருக்கும். ணா, றா, னா ஆகியவற்றுக்கும் வேறு வடிவம். அங்கே மென்பொருள் அடிக்கடி தடுக்கி விழும். சில நாள் கையால் திருத்தினால் எந்த நூலில் எந்தப் பிழை திரும்பத் திரும்ப வருகிறது என்று தெரிந்துவிடும். அப்புறம் ஒரு சிறு நிரல் எழுதலாம்: சொல்லின் தொடக்கத்தில் ஆய்த எழுத்து வந்தால் எச்சரி, மெய்யெழுத்தில் தொடங்கினால் எச்சரி, வல்லின மெய்யில் முடியும் சொல்லுக்கு அடுத்த சொல் அதே வல்லினத்தில் தொடங்காவிட்டால் எச்சரி. தொல்காப்பியமும் நன்னூலும் எந்த எழுத்து முதலில் வரும், எது கடைசியில் வரும் என்று விதி சொல்லியிருக்கின்றன. பள்ளியில் மனப்பாடம் செய்து வெறுத்த இலக்கணம் சோதனை விதியாக மாறி வேலை செய்வதைப் பார்ப்பது ஒரு தனி மகிழ்ச்சி. கடைசி முடிவை மட்டும் மனிதக் கண்ணுக்கு விடுங்கள். பழைய ஆசிரியர்கள் வேண்டுமென்றே விதியை மீறி எழுதிய இடங்களும் உண்டு.

இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு வேலை கிடக்கிறது. யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழில் தட்டச்சு செய்யப்பட்ட கோப்புகள் பாமினி, டாம், டாப், திஸ்கி எனப் பல முறைகளில் இருக்கின்றன. கோயில் மலர், சங்க ஆண்டறிக்கை, பள்ளிப் பொன்விழா மலர், சிற்றிதழ்ப் பக்கங்கள் என எத்தனையோ. உங்கள் ஊர் அச்சகத்தின் பழைய குறுந்தகட்டில் அவை தூங்கிக்கொண்டிருக்கக்கூடும். எழுத்துருவை மாற்றினால் குப்பையாகத் தெரிகிற அந்த உரையை மீட்பது, மெயின்ஃபிரேம் கோப்புகளை ஒரு குறிமுறையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியவர்களுக்குப் பழகிய காரியம். மீட்டெடுத்த மலரைக் கொண்டுபோய்க் கொடுத்தால், அந்தச் சங்கத்தின் செயலாளர் அடுத்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார். தேடிப் போகாமலே அடுத்த சிக்கல் மேசைக்கு வந்துவிடும்.

அடுக்ககத்தின் இலவச உதவி மையம்

கணினித் துறை ஆள் என்று தெரிந்தால் பிரிண்டர் ஓடவில்லை என்று கூப்பிடுவார்கள். இதிலிருந்து யாரும் தப்பியதில்லை. தப்ப வேண்டியதும் இல்லை. வடிவத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஒவ்வொரு வீடாகப் போய் நீங்களே எல்லாவற்றையும் செய்துகொடுத்தால் நீங்கள் சம்பளமில்லாத மெக்கானிக். வாரம் ஒரு மணி நேரம், குடியிருப்போர் சங்க அறையில் எல்லோரையும் உட்காரவைத்து, கைபேசி அவரவர் கையிலேயே இருக்கும்படிச் சொல்லிக்கொடுத்தால் அது வகுப்பு.

அதற்குப் பாடம் நிறையவே இருக்கிறது. நவம்பர் வந்தால் ஓய்வூதியக்காரர்கள் பலர் உயிர்வாழ் சான்று தர வேண்டும். மத்திய அரசு ஓய்வூதியர்களில் எண்பது வயதைத் தாண்டியவர்கள் அக்டோபர் முதல் தேதியிலிருந்தே தரலாம். 2014 நவம்பரில் தொடங்கிய ஜீவன் பிரமாண் முறையில் இப்போது கைபேசிக் கேமராவில் முகத்தைக் காட்டியே முடித்துவிடலாம். விரல் ரேகை தேய்ந்தவர்களுக்கு இது பெரிய வரம். ஆனால் இரண்டு செயலிகளை நிறுவி, ஆதார் எண்ணை இட்டு, வெளிச்சம் சரியாக விழும்படி உட்கார்ந்து, கண்ணைச் சிமிட்டச் சொல்லும்போது சிமிட்ட வேண்டும். பக்கத்தில் ஒரு நிதானமான ஆள் இருந்தால் போதும், அடுத்த வருடம் அவர்களே செய்துகொள்வார்கள்.

மோசடி இன்னும் அவசரமான பாடம். காவல்துறை என்றும் சுங்கத்துறை என்றும் சொல்லிக்கொண்டு காணொளி அழைப்பில் வந்து, ‘டிஜிட்டல் கைது’ செய்திருக்கிறோம், அசையாதே, பணத்தை மாற்று என்று மிரட்டுகிறார்கள். இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணுக்கு உடனே சொல்ல வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணம் வழியிலேயே நிறுத்தப்பட வாய்ப்பு. இதையெல்லாம் செய்தித்தாளும் சொல்கிறது. ஆனால் திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொன்னால் எதிராளிக்கு என்னென்ன தெரியும் என்பதை நேரில் செய்து காட்ட உங்களால்தான் முடியும்.

வயதானவர்களுக்கு என்ன வேண்டும் என்பது வயதானவருக்கே தெரியும் என்பதற்கு ஜப்பானின் மசாகோ வகாமியா நல்ல சாட்சி. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெறும் தறுவாயில் கணினி வாங்கியவர். வயதானவர்கள் ஜெயிக்கக்கூடிய கைபேசி விளையாட்டே இல்லையே என்ற குறையோடு, நிரல் கற்று, 2017இல் எண்பத்தொரு வயதில் ஹினாதான் என்ற செயலியை வெளியிட்டார். நம் கொலுவைப் போல அங்கே மார்ச் மாதத்தில் படிக்கட்டில் பொம்மை அடுக்கும் விழா உண்டு. அரசன், அரசி, இசைக்காரர்கள் என யார் எந்தப் படியில் என்று சரியாக வைக்க வேண்டும். அதுதான் விளையாட்டு. கண்ணைக் கெடுக்கும் வேகமோ கடிகாரத்தோடு போட்டியோ இல்லை. ஆப்பிள் நிறுவனம் அந்த வருட மென்பொருளாளர் மாநாட்டுக்கு அவரை அழைத்தது. அவருக்கு நிரல் மொழி புதிது, நமக்கு அது கைவந்தது. அவரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவர் கேட்ட கேள்வி. இன்று செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நிரலை மளமளவென்று எழுதித் தந்துவிடுகின்றன. எழுதியது சரியா, யாருக்கு எங்கே உடையும் என்று கேட்பவருக்குத்தான் தட்டுப்பாடு. அதைக் கேட்டே சம்பளம் வாங்கியவர்கள் நாம்.

நீண்ட வேலை, குறுகிய பாடம்

டொனால்ட் கனூத் ஸ்டான்ஃபோர்டில் 1993இல், ஐம்பத்தைந்து வயதில், தாமாகவே முன்கூட்டி ஓய்வு பெற்றார். 1960களில் தொடங்கிய கணினி நிரலாக்கக் கலை என்ற தொகுதி நூலை முடிக்க நேரம் வேண்டும் என்பதுதான் காரணம். மூன்றாம் தொகுதி 1973இல் வந்தது. நான்காவதின் முதல் பகுதி 2011இல், இரண்டாம் பகுதி 2022இல். 1990 முதல் மின்னஞ்சலை விட்டுவிட்டார். நூலில் பிழை கண்டுபிடித்துச் சொல்பவருக்கு 2.56 டாலர் பரிசு. அது காசோலையாக வந்த காலத்திலேயே பலர் பணமாக்காமல் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டார்கள். இடையில் ஆர்கன் இசைக்கருவிக்கு ஒரு நீண்ட இசைக்கோவை எழுதி, தம் எண்பதாவது பிறந்தநாளன்று சுவீடனில் அரங்கேற்றினார். எல்லோருக்கும் இப்படி ஆயுளை நிரப்பும் வேலை அமையாது, அமையவும் வேண்டாம். அவரிடம் கவனிக்க வேண்டியது, எதை விடுவது என்று அவர் எடுத்த முடிவு. ஓய்வு பெற்றவரின் நேரத்தைச் சாப்பிடும் வாட்ஸ்அப் குழுக்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

படிக்க வேண்டும் என்பவர்களுக்கு நம் ஊரில் வழி தாராளம். என்பிடெல் என்ற இணையக் கல்வித் தளத்தின் பாடங்களை இலவசமாகக் கேட்கலாம். சான்றிதழ்த் தேர்வு எழுதினால் மட்டும் கட்டணம். ஐஐடி மெட்ராஸ் நடத்தும் தரவு அறிவியல் பட்டப் படிப்புக்கு வயது வரம்பு இல்லை. ஒரு யோசனை: தெரிந்த துறையிலேயே இன்னொரு சான்றிதழ் சேர்ப்பதைவிட, கல்வெட்டியலோ வானியலோ தாவரவியலோ எடுத்துக்கொண்டு, உங்கள் தரவுத்தள அறிவை அங்கே கொண்டுபோங்கள்.

ஒரு பள்ளத்தையும் காட்டிவிட வேண்டும். ஓய்வுப் பணம் கையில், நிரல் எழுதும் திறமை விரலில், நாள் முழுக்க நேரம். இந்த மூன்றும் சேர்ந்தால் பலருக்குத் தோன்றும் அடுத்த எண்ணம், பங்குச் சந்தையில் தானே வாங்கி விற்கும் நிரல் எழுதலாம் என்பது. சிக்கல் சுவாரசியமானது, மறுக்கவில்லை. ஆனால் எதிர்காலப் பேரத்திலும் (ஃபியூச்சர்ஸ்) விருப்பப் பேரத்திலும் (ஆப்ஷன்ஸ்) 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள் என்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் ஆய்வு 2024 செப்டம்பரில் சொன்னது. ஆர்வம் அடங்காவிட்டால் பழைய விலைத் தரவை வைத்து காகிதத்திலேயே ஓட்டிப் பாருங்கள். வைப்பு நிதியைத் தொடாதீர்கள்.

உடம்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்தத் துறை நம்மை நாற்காலியில் உட்காரவைத்தே வளர்த்தது. அறுபத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் நடை போன்ற மிதமான உடலியக்கம், இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி, மூன்று நாள் சமநிலைப் பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நடையைப் பலரும் செய்கிறார்கள். சமநிலைப் பயிற்சியை யாரும் கண்டுகொள்வதில்லை. விழுந்து இடுப்பெலும்பு முறிவதைத் தடுக்க உதவுவது அதுதான். சுவரருகே நின்று ஒற்றைக் காலில் நிற்கப் பழகுவதிலிருந்து தொடங்கலாம்.

காதைப் பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள். முதுமை மறதி நோயைப் பற்றிய லான்செட் ஆணையம் 2024இல் பதினான்கு காரணிகளைப் பட்டியலிட்டது. அவற்றைச் சரிசெய்தால் ஏறத்தாழ 45 சதவீத நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு உண்டு என்பது அவர்கள் கணக்கு. நடு வயதில் கேள்திறன் குறைவதும் தனிமையும் அதில் அடக்கம். கேட்காதவர் மெல்ல மெல்லப் பேச்சிலிருந்து ஒதுங்குகிறார், ஒதுங்கியவர் தனிமையாகிறார். சர்வர் அறை இரைச்சலிலும் ஹெட்செட்டிலும் பல வருடம் கழித்தவர்கள் ஒருமுறை காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கேள்திறன் சோதனை செய்துகொள்வது நல்லது. கருவி தேவைப்பட்டால் கூச்சப்படாதீர்கள். எந்த அலைவரிசையில் உங்களுக்கு எவ்வளவு குறைகிறது என்பதை வரைபடமாக எடுத்து, அதற்கேற்ப ஒவ்வொரு அலைவரிசையையும் தனித்தனியே உயர்த்தும்படி கணினியில் அமைக்கிறார்கள். அமைக்கும்போது திரையைக் கொஞ்சம் உங்கள் பக்கம் திருப்பச் சொல்லிக் கேளுங்கள்.